முதுமை வேறு, முடக்கம் வேறு

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இம்மேடையில் வழக்கமாய்ச் சாதியைப் பற்றியும், சடங்கைப் பற்றியும், சோதிடத்தைப் பற்றியும் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் மனிதனுடைய இரண்டு கால்களைப் பற்றிப் பேசப் போகின்றோம். அதிலும் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களுடைய கால்களைப் பற்றி. இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். முடிவில் அவர்களே பதில் சொல்லட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றோம். நாம் வைத்தியம் படித்தவர்கள் அல்ல. பள்ளிக்கூடத்திலேயே அதிக நாள் இருந்தவர்களும் அல்ல. ஆகவே, நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேளுங்கள், வைத்தியரை விசாரியுங்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள், படாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நம் வீடுகளில் ஒருவருக்கு அறுபது வயது ஆகிவிட்டால் போதும். "வயசாச்சு, இனி என்ன இருக்கிறது?" என்று பேச ஆரம்பித்துவிடுகின்றோம். "வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது" என்று ஒரு பழமொழியையும் தயாராய் வைத்திருக்கின்றோம். எழுந்திருக்க முடியவில்லை என்றால் வயசு. படி ஏற முடியவில்லை என்றால் வயசு. விழுந்தால் வயசு. விழுந்து எழாவிட்டால் விதி. இப்படி எல்லாவற்றையும் வயசின் தலையிலும் விதியின் தலையிலும் போட்டுவிட்டால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறதல்லவா? அந்தச் சவுகரியத்திற்காகவே இந்தப் பேச்சு இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் தோழர்களே, முதுமை வேறு, முடக்கம் வேறு. முதுமை தானாய் வருவது. முடக்கத்தில் பெரும் பகுதி நாம் உண்டாக்குவது. நாம் உண்டாக்கியதை நாமே பெருமளவுக்கு மாற்றவும் முடியும். இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நம் வீட்டில் நடந்தது

பிறரைக் குறை சொல்லுமுன் நம் குறையைச் சொல்லுவது நாணயமானதால், நமது தாயாரின் கதையைச் சொல்லுகின்றோம்.

அம்மாவுக்கு அப்போது வயது 72. ஒரு நாள் காலை குழாயடியில் வழுக்கி விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை. படம் பிடித்துப் பார்த்த வைத்தியர், சதைப் பிடிப்புத்தான், சில நாள் ஓய்வு போதும் என்றார். உறவினர் ஒருவர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏழரைச் சனி, பரிகாரம் செய்ய வேண்டும் என்றார். நாம் அவரைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டோம். நம் பகுத்தறிவில் நமக்கு வெகு திருப்தி.

ஆனால் நாம் செய்தது என்ன? "அம்மா, நீ எழுந்திருக்காதே, படுத்திரு, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்" என்றோம். சில நாள் ஓய்வு இரண்டு வாரமாயிற்று. இரண்டு வாரம் மூன்று மாதமாயிற்று. கட்டிலுக்குச் சோறு வந்தது, தண்ணீர் வந்தது. இதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் "பிள்ளையென்றால் இவனல்லவா பிள்ளை" என்று புகழ்ந்தார்கள். நாமும் அந்தப் புகழை வாங்கிக்கொண்டோம்.

ஒரு நாள் இராத்திரி, அம்மா சாயங்காலம் நான்கு மணிக்குமேல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது நமக்குத் தெரியவந்தது. ஏனென்று கேட்டோம். முதலில் சொல்லவில்லை. பிறகு, "ராத்திரி கக்கூசுக்குப் போகணும்னா யாரையாவது எழுப்பணும். அது எனக்குக் கேவலமா இருக்குடா" என்றார்கள்.

தோழர்களே! ஊர் ஊராய்ப் போய்த் தன்மானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாம். நம்முடைய தாயார், தன் காலால் எழுந்து பத்தடி நடக்க முடியாத காரணத்தால் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார்கள். சனி அவரைக் கட்டிலில் போடவில்லை. நமது அன்புதான் போட்டது.

மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே இயன்முறை வைத்தியம் பார்க்கும் ஒரு இளம்பெண் இரண்டே கேள்வி கேட்டார். "பாட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை தானாக எழுந்து நிற்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்?" முதல் கேள்விக்குப் பதில், ஒரு தடவையும் இல்லை. இரண்டாவதற்குப் பதில், இட்லியும் ரசஞ்சோறும். "அப்படியானால் கால் எப்படி நிற்கும்?" என்றார். அன்றிலிருந்துதான் நாம் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தோம்.

படுக்கை செய்யும் வேலை

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில், நல்ல திடகாத்திரமுள்ள இருபது வயது வாலிபர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பரீட்சை செய்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 1996இல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது வருஷ மூப்பு அவர்களுடைய உழைக்கும் சக்தியைக் குறைத்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை அதிகமாய்க் குறைத்திருந்தது என்று தெரிந்தது. ஆறு மாதம் பயிற்சி கொடுத்ததும், முப்பது வருஷத்தில் இழந்த மூச்சுச் சக்தியை அவர்கள் திரும்பப் பெற்றார்கள். இருபது வயசுக்காரனுக்கே படுக்கை இப்படிச் செய்யுமானால், எழுபது வயசுக்காரருக்கு மூன்று மாதம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

காரணம் மந்திரமல்ல. சரீரம் சிக்கனக்காரன். உபயோகிக்காத சதையை வைத்துக் காப்பாற்றுவதில்லை; கரைத்துவிடுகிறது. நடு வயதிலிருந்தே எல்லோருக்கும் சதை கொஞ்சங் கொஞ்சமாய்க் குறைகிறது. அறுபதுக்குமேல் வேகம் கூடுகிறது. தொடையும் காலும் முதலில் தளருகின்றன. தளர்ந்தால் நடையைக் குறைக்கின்றோம். நடை குறைந்தால் பசி குறைகிறது. பசி குறைந்தால் சோறு குறைகிறது. சோறு குறைந்தால் சதை இன்னும் கரைகிறது. இந்தச் செக்கைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, இதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைக்கின்றோம்.

தொண்ணூறு வயதில் வந்த பலம்

செக்கைத் திருப்பிச் சுற்ற முடியுமா என்றால், முடியும். 1990ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்தில் மரியா ஃபியாட்டரோன் என்ற பெண் வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஒரு முதியோர் விடுதியில் செய்த பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். சேர்ந்தவர்கள் 10 பேர். வயது 86 முதல் 96 வரை. அவர்களுக்கு லேகியம் கொடுக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் காலால் பாரம் தூக்கவைத்தார்கள். அதுவும் விளையாட்டுப் பாரமல்ல, அவரவரால் தூக்கக் கூடியதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. எட்டு வாரம் முடிந்தபோது, கடைசிவரை செய்த 9 பேருக்கும் கால் பலம் சராசரி 174 சதவிகிதம் கூடியிருந்தது; அதாவது பழைய பலத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். தொடைச் சதையும் 9 சதவிகிதம் வளர்ந்திருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். பயிற்சியை நிறுத்தியதும் சில வாரங்களிலேயே பலம் குறையவும் தொடங்கிற்று. ஆகவே இது ஒரு தடவை குடித்துவிட்டு மறந்துவிடும் மருந்தல்ல. தினசரி சோறு போன்றது.

சதை 9 சதவிகிதந்தானே வளர்ந்தது, பலம் எப்படி அவ்வளவு கூடியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பலம் சதையில் மாத்திரம் இல்லை. சதைக்குக் கட்டளையிடும் நரம்பிலும் இருக்கிறது. வெகு நாளாய் வேலையில்லாதிருந்த நரம்பு, முதல் சில வாரங்களில் விழித்துக்கொள்ளுகிறது. இருக்கிற சதையை முழுவதும் உபயோகிக்கக் கற்றுக்கொள்ளுகிறது. சதை பிறகு மெதுவாய் வளருகிறது.

1994இல் அதே வைத்தியர்கள் சராசரி 87 வயதுள்ள 100 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி, ஒரு பிரிவுக்குச் சத்துப்பானம், ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு இரண்டுமில்லை. பத்து வாரத்தில், பயிற்சி செய்தவர்களின் பலம் 113 சதவிகிதம் கூடிற்று. செய்யாதவர்களுக்கு 3 சதவிகிதந்தான். பயிற்சியில்லாமல் சத்துப்பானம் மாத்திரம் குடித்தவர்களுக்குப் பலம் வரவில்லை. ஆகவே, அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு டப்பா டப்பாவாய்ப் பவுடர் வாங்கிக் கரைத்துக் கொடுக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அந்தப் பணத்தால் கடைக்காரருக்குப் பலம் ஏறலாம். அம்மாவின் காலுக்கு ஏறாது.

நிற்க. பாஸ்டனில் யந்திரம் உண்டு, பாரம் உண்டு, நம் குடிசையில் என்ன உண்டு என்று கேட்பீர்கள். நியூசிலாந்து தேசத்தில் டுனெடின் என்ற ஊரில், 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களில் ஒரு பாதியாருக்கு வீட்டிலேயே பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். கணுக்காலில் கட்டிக்கொள்ளும் சிறு பாரம், நிலை தடுமாறாமல் நிற்கப் பழகுவது, நடப்பது, இவ்வளவுதான். 1997இல் வெளியான கணக்கின்படி, ஒரு வருஷத்தில் பயிற்சியில்லாத பாதியார் 152 தடவை விழுந்தார்கள். பயிற்சி செய்த பாதியார் 88 தடவைதான் விழுந்தார்கள். எந்தப் பரிகாரத்திற்காவது இப்படி ஒரு கணக்கு உண்டா?

தட்டில் என்ன இருக்கிறது?

இனிச் சாப்பாட்டைப் பார்ப்போம். வீட்டைக் கட்டக் கொத்தனார் மாத்திரம் போதாது, செங்கல்லும் வேண்டும். பயிற்சி கொத்தனார். புரதச் சத்து செங்கல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். வயதானவர்களின் சரீரம் இந்தச் சத்தைச் சதையாக்குவதில் மந்தப்படுவதால், அவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டுமென்று 2013இல் பல நாட்டு நிபுணர்கள் கூடிச் சொன்னார்கள். அதாவது வயது ஏற ஏறச் சத்து அதிகம் வேண்டும். நாமோ வயது ஏற ஏறக் குறைக்கின்றோம்!

நம் தாயாரின் எடை 50 கிலோ. வேண்டியது 50 முதல் 60 கிராம். கணக்குப் பார்த்தால், காலையில் மூன்று இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, இராத்திரி கஞ்சி, இரண்டு வேளை காப்பி எல்லாம் சேர்ந்தும் 25 கிராம் தேறவில்லை. முட்டை சூடு, மீன் ஆகாது, பருப்பு வாயு, தயிர் சளி என்று எத்தனை பத்தியம்! ஒவ்வொரு பத்தியமும் ஒரு செங்கல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் விரதம் வேறு.

இன்னொரு விஷயம் தாய்மார்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிஞ்சியதைச் சாப்பிட்டே கிழவியாகிறார்கள். குழம்பில் கிடக்கும் மீன் துண்டு ஆணுக்கும் பிள்ளைக்கும், அடியில் நிற்கும் குழம்பு அவளுக்கு என்று ஐம்பது வருஷம் ஆனபின், அவள் கால் மடங்கி விழுந்தால், அதை விதி என்று சொல்ல நமக்கு வெட்கமில்லையா?

நாம் செய்த மாறுதல் பெரிதல்ல. இரண்டு முட்டையில் 12 கிராம். மத்தியானம் கெட்டியாய் வேகவைத்த பருப்பு, உலர்ந்த கணக்கில் 50 கிராம் போட்டால், அதில் 11 கிராம். ஒரு டம்ளர் பால் அல்லது தயிரில் 6 கிராம். சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். மொத்தம் 36. பழைய 25க்குக் கொஞ்சம் குறைத்துச் சேர்த்தாலும் வேண்டியது வந்துவிட்டது. மீன் கிடைத்த நாள் மீன். மாமிசம் உண்ணாதவர்களுக்குச் சுண்டலும் சோயாவும் இருக்கின்றன. எலும்புக்குக் கேழ்வரகும் கீரையும். பல் இல்லை என்றால் குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. கெட்டியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, உட்கார்ந்து எழுவது. முதலில் கையை ஊன்றலாம். பிறகு கை ஊன்றாமல். ஐந்தில் தொடங்கிப் பத்துக்குப் போய், அதை இரண்டு மூன்று தடவை செய்வது.

2. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது.

3. பழைய துணிப்பையில் அரைக் கிலோ மணல் கட்டிக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குவது. எளிதானபின் மணலைக் கூட்டுவது. கூட்டாவிட்டால் பலம் கூடாது.

4. சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவது. பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

5. தினம் நடப்பது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, 65 வயதுக்குமேல் வாரத்தில் 150 நிமிஷமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது சதைக்குப் பயிற்சியும், மூன்று நாளாவது நிலை தடுமாறாதிருக்கும் பயிற்சியும் வேண்டும் என்பதாகும். அவ்வளவும் முடியாதவர் முடிந்ததைச் செய்யலாம். ஒன்றும் செய்யாததைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்றும் அதே நிறுவனம் சொல்லுகிறது.

எச்சரிக்கையும் உண்டு. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் உள்ளவர்களும், புதிதாய் எலும்பு முறிந்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரக வியாதி உள்ளவர்கள் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்யக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கக் கூடாது. சதை நோவது சகஜம். மூட்டு வீங்கினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்காக, 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டிற்கு வந்து செய்யும் இயன்முறை வைத்தியமும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தைலம் தேய்த்தால் சற்று வலி தணியலாம், சதை வளராது. தாயத்துக் கட்டினால் கட்டியவனுக்குத்தான் வளரும்.

அம்மா இப்போது

நாற்காலியைப் போட்டு எழச் சொன்ன முதல் நாள், அம்மா, "என்னடா, கிழவியைக் குஸ்திக்கு விடப் பார்க்கிறாயா?" என்றார்கள். இரண்டு கையையும் ஊன்றி இரண்டே தடவை எழுந்தார்கள். மூன்றாவது தடவை முடியவில்லை. ஒரு மாதத்தில் எட்டுத் தடவை. இரண்டாவது மாதத்தில் கை ஊன்றாமல். நடுவில் காய்ச்சல் வந்து பத்து நாள் பின்னுக்குப் போயிற்று, மறுபடி தொடங்கினார்கள். ஐந்தாவது மாதம் தாமாகவே தெருக்கோடி வரை போய் வந்தார்கள். முழங்கால் வலி அடியோடு போய்விடவில்லை. தெருவில் இன்றும் தடி உண்டு. வாலிபம் திரும்பியது என்று பொய் சொல்ல நாம் லேகிய வியாபாரி அல்ல. ஆனால் இராத்திரி தாகமெடுத்தால் தண்ணீர் குடிக்கிறார்கள். தாமே எழுந்து போகிறார்கள். யாரையும் எழுப்புவதில்லை.

தோழர்களே! இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். ஒருவன் இன்னொருவன் காலில் விழக் கூடாது என்று நாம் எவ்வளவோ பேசிவிட்டோம். தன் காலால் தான் நிற்பதும் தன்மானந்தான். பெரியவர்களை உட்காரவைத்துக் கும்பிடுவது மரியாதை என்று நினைக்காதீர்கள். எழுந்து நிற்கக் கை கொடுப்பதும், நின்றபின் அந்தக் கையை எடுத்துக்கொள்ளுவதும், தட்டில் ஒரு முட்டையோ ஒரு கரண்டிப் பருப்போ கூடுதலாய்ப் போடுவதுமே மரியாதை.

இன்று வீட்டிற்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தாயாரையோ தகப்பனாரையோ, கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடிகிறது என்றால், நாளையும் எழட்டும். முடியவில்லை என்றால், நாளையே தொடங்கட்டும். நாற்பது வயதைத் தாண்டிய நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்; நாமும் போட்டுக்கொண்டிருக்கின்றோம்.